23,000 போட்டோ, எங்கிருந்து ஆரம்பிப்பது? - வாசகர் கேள்வி பதில்

போட்டோக்களைச் சேர்த்து வைப்பது, திருத்துவது பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். குடியாத்தம், ஆரணி, வாலாஜா, ஆம்பூர், காட்பாடி என்று பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணா, இரண்டு பழைய போன், ஒரு கேமரா, வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் இருந்ததை ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கொட்டி வைத்திருக்கிறேன். 23,000 போட்டோ காட்டுகிறது. ‘புது ஃபோல்டர்’, ‘புது ஃபோல்டர் 2’, ‘அம்மா போன்’ என்று பெயர்கள். திறந்தாலே மூடிவிடத் தோன்றுகிறது. எங்கே ஆரம்பிப்பது? (குடியாத்தம்)

முதலில் எதையும் அழிக்காதீர்கள் அம்மா. ஒழுங்குபடுத்தப் போகிறோம் என்று உட்கார்ந்ததும் எல்லோர் கையும் டெலீட் பட்டனுக்குத்தான் போகிறது. இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, இப்போது இருக்கிற குப்பை குப்பையாகவே ஒரு நகல் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். அதற்கப்புறம் நீங்கள் எந்தத் தப்பு செய்தாலும் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கும்.

அடுத்தது தேதி. போனோ கேமராவோ போட்டோ எடுக்கும்போதே எடுத்த நாள், மணி, கேமராவின் பெயர் இதையெல்லாம் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதிவிடுகிறது. இதற்கு எக்ஸிஃப் என்று பெயர். ஃபோல்டரின் பெயர் என்னவாக இருந்தாலும் இந்தத் தேதி உள்ளே பத்திரமாக இருக்கும். அதனால் 23,000 படத்தையும் நீங்கள் கண்ணால் பார்த்துப் பிரிக்க வேண்டியதில்லை, மென்பொருளே பிரித்துக் கொடுக்கும். நான் சொல்வது டிஜிகேம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். உங்கள் ஃபோல்டரைக் காட்டினால் எல்லாவற்றையும் படித்துத் தேதிவாரியாகக் காட்டிவிடும். ஒரு மாதத்துப் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு ஃபோல்டருக்கு அனுப்பலாம்.

ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், அப்புறம் விஷயம். ‘2024-05 குடியாத்தம் சிரசு’ (கெங்கையம்மன் சிரசுத் திருவிழா) என்பது போல. வருடம் முன்னால் வந்தால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசையாக அடுக்கும். ‘சிரசு 2024’ என்று வைத்தால் சித்திரைப் பொங்கலும் சிரசும் சீமந்தமும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆட்களின் பெயரில் ஃபோல்டர் போடவே வேண்டாம். ஒரே படத்தில் உங்கள் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக் குழந்தை மூவரும் இருந்தால் அது யாருடைய ஃபோல்டருக்குப் போகும்? எப்போது, எங்கே என்பதை ஃபோல்டர் சொல்லட்டும். யார், என்ன என்பதை டேக், அதாவது படத்தோடு ஒட்டி வைக்கும் பெயர்ச்சீட்டு, சொல்லட்டும். ஒரு படத்துக்கு எத்தனை டேக் வேண்டுமானாலும் போடலாம், படம் ஒரே இடத்தில்தான் இருக்கும்.

டேக் போட ஆரம்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். டிஜிகேம் அமைப்புகளில் மெட்டாடேட்டா என்ற பகுதி இருக்கும். அங்கே டேக், குறிப்பு, முகத்தின் பெயர் இவற்றைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லும் கட்டங்களில் டிக் போட்டுவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் மாதக்கணக்கில் போட்ட பெயரெல்லாம் அந்த மென்பொருளின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். நாளைக்குக் கம்ப்யூட்டர் மாறினால் படம் மட்டும் வரும், பெயர் வராது. இந்தப் பதில் முழுக்க மறந்து போனாலும் இந்த ஒரு டிக்கை மட்டும் மறக்காதீர்கள்.

முகம் கண்டுபிடிக்கும் வசதியும் உள்ளது. நாலைந்து படத்தில் ‘இது அத்தை’ என்று சொல்லிக் கொடுத்தால் மற்ற படங்களில் அதுவே தேடி ‘இது அத்தையா?’ என்று கேட்கும். குழந்தைகள் வளர வளர முகம் மாறுவதால் அங்கே நிறையத் தடுமாறும், நீங்கள்தான் சரி பார்க்க வேண்டும்.

ஒரே படம் இரண்டு மூன்று தடவை இருப்பதை அதற்கான தேடலில் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒற்றுமை 100 சதவீதம் என்று வைத்துத் தேடுங்கள். குறைத்து வைத்தால் அடுத்தடுத்து எடுத்த வெவ்வேறு படங்களையும் ஒன்று என்று சொல்லும். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலில் இருந்து சிரசு கிளம்பும்போது நீங்கள் எடுத்த இருபது படமும் அதற்கு ஒரே படம்தான். அதில் ஒன்றில்தான் உங்கள் பெண் கும்பிட்டபடி நிமிர்ந்து பார்த்திருப்பாள், அது போய்விடக் கூடாது.

கடைசியாக, பழைய வருடத்தில் இருந்து தொடங்காதீர்கள். இந்த வருடத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். நினைவு புதிதாக இருக்கிற படங்களுக்குப் பெயர் போடுவது சுலபம், வேலையும் கண்ணுக்குத் தெரியும். தினம் அரை மணி நேரம் போதும்.

கேள்வி: என் பழைய கம்ப்யூட்டரில் இன்னும் பிகாசாவில்தான் எல்லாம் வைத்திருக்கிறேன். புதுக் கம்ப்யூட்டருக்கு மாறினால் நான் போட்ட பெயர்களும் திருத்தங்களும் வருமா? (வாலாஜாபேட்டை)

அப்படியே ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போனால் முழுதாக வராது சார். பிகாசா என்ற அந்த போட்டோ மென்பொருளை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. இருக்கிற கம்ப்யூட்டரில் ஓடும், அவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே சில வேலைகளை முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போட்ட குறிப்பும் டேக்கும் ஜேபெக் (.jpg) படங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், அவை பிழைத்துக்கொள்ளும். முகத்துக்குப் போட்ட பெயர்தான் சிக்கல். பிகாசா 3.9-ல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போனால் பெயர்களைப் படத்திலேயே சேமிக்கும் கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். ஏற்கெனவே பெயர் போட்ட படங்களுக்கு டூல்ஸ் மெனுவிலேயே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்பதன் கீழ் முகங்களை எக்ஸ்எம்பியாக, அதாவது படத்துக்குள்ளேயே இருக்கும் குறிப்பாக, எழுதும் கட்டளை உள்ளது. அதைக் கொடுத்துவிட்டு முடியும் வரை கம்ப்யூட்டரை அணைக்காமல் விடுங்கள். அப்படி எழுதிய பெயர்களை டிஜிகேம் படித்துக்கொள்ளும்.

திருத்தங்கள் வேறு கதை. பிகாசாவில் நீங்கள் வெளிச்சம் கூட்டியது, வெட்டியது எல்லாம் அந்த ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஒரு சின்னக் குறிப்புக் கோப்பில்தான் இருக்கிறது. ‘சேவ்’ கொடுத்திருந்தால் மட்டுமே படம் மாறியிருக்கும், அப்போதும் அசல் ‘பிகாசாஒரிஜினல்ஸ்’ என்ற மறைவு ஃபோல்டரில் இருக்கும். அதனால் முக்கியமான படங்களை ‘எக்ஸ்போர்ட்’ செய்து தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள், மறைந்திருக்கும் ஃபோல்டர்களையும் காட்டச் சொல்லி எல்லாவற்றையும் சேர்த்து நகலெடுங்கள். நட்சத்திரம் போட்ட படங்களைக்கூட ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்துவிடுவது நல்லது, அதுவும் படத்துக்குள் இல்லை.

கேள்வி: லைட்ரூமில் பாதிப் படங்களுக்கு மேல் ஆச்சரியக்குறி வருகிறது, திருத்த முடியவில்லை. படம் அழிந்துவிட்டதா? (திருப்பத்தூர்)

இல்லை. நீங்கள் ஃபோல்டரை லைட்ரூமுக்கு வெளியே வேறு இடத்துக்கு மாற்றியிருப்பீர்கள், அல்லது பெயரை மாற்றியிருப்பீர்கள். லைட்ரூம் கிளாசிக் என்ற இந்த போட்டோ திருத்தும் மென்பொருள் படங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதில் என்ன திருத்தம் என்ற கேட்டலாக்கை மட்டும் வைத்திருக்கிறது. இடது பக்கம் கேள்விக்குறி உள்ள ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ கொடுத்து இப்போது இருக்கும் இடத்தைக் காட்டுங்கள், திருத்தங்களோடு திரும்பி வரும். இனிமேல் நகர்த்துவதை லைட்ரூமுக்குள்ளேயே செய்யுங்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டில் பட்டுப்புடவை நெய்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கிறோம். ‘படத்தில் பார்த்த கலர் வேற, வந்த கலர் வேற’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எடிட்டிங்கில் சரி செய்ய முடியுமா? (ஆரணி)

முடியும், ஆனால் முக்கால்வாசி வேலை எடுக்கும்போதே இருக்கிறது. டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் ஒன்றாக விழும் இடத்தில் புடவையை விரிக்காதீர்கள். இரண்டு வெளிச்சத்துக்கும் நிறம் வேறு, ஒரு முந்தானையில் பாதி நீலம் அடிக்கும், பாதி மஞ்சள் அடிக்கும், அதை எந்த மென்பொருளும் சரி செய்யாது. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, நேரடி வெயில் விழாத ஜன்னலோரம் காலை 9 மணிக்கு மேல் எடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் ரொம்ப நல்லது.

புடவையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதல் படத்தை எடுங்கள், தாளை எடுத்துவிட்டு மற்றதை எடுங்கள். எடிட் செய்யும்போது வெள்ளைச் சமநிலைக்கு, அதாவது ஒயிட் பேலன்ஸுக்கு, ஒரு சொட்டுக் குழாய் மாதிரிப் படம் போட்ட கருவி இருக்கும். அதை எடுத்துத் தாளின் மேல் கிளிக் செய்தால் தாள் வெள்ளையாகும்போது புடவையும் தன் நிறத்துக்கு வந்துவிடும். அந்தத் திருத்தத்தை நகலெடுத்து அன்றைக்கு எடுத்த எல்லாப் படத்துக்கும் ஒட்டுங்கள். லைட்ரூமிலும் முடியும், இலவசமாக வேண்டுமென்றால் டார்க்டேபிளிலும் முடியும். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடவே வேண்டாம். படத்தில் பளபளப்பாகத் தெரியும், புடவை திரும்பி வரும்.

மயில் கழுத்து நிறத்துக்கு மட்டும் ஒரு படம் போதாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், மடிப்பு திரும்பினால் நிறம் திரும்பும். தட்டையாக விரித்து ஒன்று, மடிப்பு விழுகிற மாதிரி தோளில் போட்டு ஒன்று, இரண்டும் அனுப்புங்கள்.

அப்புறம் வாட்ஸ்அப். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கி, தேதி முதலான எக்ஸிஃப் விவரத்தையும் உருவிவிடும். ஜரிகையின் நெருக்கம் அதில் மங்கிப்போகும். ‘டாக்குமென்ட்’ என்று சேர்த்து அனுப்பினால் படம் அப்படியே போகும். வீட்டு விசேஷப் படங்களைச் சொந்தக்காரர்களிடம் கேட்கிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்: டாக்குமென்ட்டாகக் கேட்டு வாங்குங்கள். சாதாரணமாக வந்த படம் 6-க்கு 4 அங்குலம் பிரின்ட் போடும் அளவுக்குத்தான் தாங்கும், சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கேள்வி: கோட்டை அகழி ஓரம் தங்கையை எடுத்தேன். முகம் இருட்டு, பின்னால் வானம் வெள்ளை. முகத்தை வெளிச்சமாக்கினால் மொத்தப் படமும் வெளுத்துப் போகிறது. (வேலூர், கொசப்பேட்டை)

மொத்த வெளிச்சத்தையும் கூட்டும் எக்ஸ்போஷரை நகர்த்தியிருக்கிறாய் தம்பி. இருட்டான இடங்களுக்கு ஷேடோஸ் என்று தனியாக ஒன்று இருக்கும், அதை மட்டும் மெல்லக் கூட்டு. முகம் மேலே வரும், கோட்டைச் சுவரின் கல்லில் இருக்கும் நிழலும் கொஞ்சம் வரும். வானத்துக்கு, வெளிச்சமான இடங்களை மட்டும் மாற்றும் ஹைலைட்ஸைக் குறைத்துப் பார். ஜேபெக்கில் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரைதான் அளவு. வானம் 255-ஐத் தொட்டுவிட்டிருந்தால் அங்கே ஒன்றுமே பதிவாகவில்லை, குறைத்தால் சாம்பல் நிறம்தான் கிடைக்கும். அதனால் அடுத்த தடவை எடுக்கும்போதே போன் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடு. இருட்டைத் தூக்கலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது.

இன்னொன்று, நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெளிச்சம் கொண்டுவருவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. நம் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் வெயிலில் வேலை செய்து கறுத்த பெண்களை எல்லாம் மாவு பூசின மாதிரி வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். இருபது வருடம் கழித்து அந்தப் பெண்ணின் மகள் பார்க்கும்போது அம்மாவின் முகமே அதில் இருக்காது. உன் தங்கையின் நிறம் உன் தங்கையின் நிறமாகவே இருக்கட்டும்.

கேள்வி: அக்கா கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, மூன்று போன். ஒரு கேமராவில் மட்டும் தேதி 2012 என்று இருக்கிறது. வரிசைப்படுத்தினால் அந்த 600 படமும் தனியாகப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. (போளூர்)

பேட்டரி முழுக்கத் தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கும். ஆனால் அதற்கப்புறம் கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கும், எல்லாப் படத்திலும் பிழை ஒரே அளவுதான். எல்லாக் கேமராவிலும் பதிவான ஒரு நொடியைத் தேடுங்கள். தாலி கட்டுகிற நொடியை யாரும் விட்டிருக்க மாட்டார்கள். போனில் எடுத்த படத்தில் அந்த நொடி காலை 6:42 என்று இருந்தால் அதுதான் உண்மையான மணி, ஏனென்றால் போன் கடிகாரம் நெட்வொர்க்கில் இருந்து வருவது. தப்பான கேமராவின் தாலிப் படத்துக்கும் இதற்கும் எத்தனை நாள், எத்தனை மணி வித்தியாசம் என்று கணக்குப் போட்டு, டிஜிகேமில் 600 படத்தையும் தேர்ந்தெடுத்து நேரம் மாற்றும் கருவியில் அந்த வித்தியாசத்தைக் கூட்டச் சொல்லுங்கள். அப்புறம் ஐந்து கருவியின் படமும் பெண் அழைப்பில் இருந்து மறுவீடு வரை ஒரே ஓட்டமாக வந்துவிடும். எனக்கு இந்த வேலையில் பிடித்த இடமே இதுதான்.

கேள்வி: கூகுள் போட்டோஸில் இருக்கிறதே, ஹார்ட் டிஸ்க் எதற்கு? (காட்பாடி)

இரண்டும் வேண்டும். 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்கள் எல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில்தான் சேரும், அதே 15 ஜிபியில்தான் உங்கள் மெயிலும் இருக்கிறது. அதைவிட முக்கியம், போனில் இடம் இல்லை என்று அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால் இணையத்தில் இருப்பதும் சேர்ந்து அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அப்புறம் கிடையாது. இடம் வேண்டுமென்றால் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ மட்டும் அழுத்துங்கள்.

போட்டோகிராஃபர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். மூன்று நகல், இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. என் ஒரே ஹார்ட் டிஸ்க் மேஜையில் இருந்து விழுந்து என் மகனின் முதல் மூன்று மாதப் படங்கள் போய்விட்டன. அதற்கப்புறம் ஒரு டிஸ்க் எங்கள் வீட்டு பீரோவில், ஒன்று அரக்கோணத்தில் தங்கை வீட்டில். பொங்கலுக்கும் ஆடிக்கும் போகும்போது புதுப் படங்களை ஏற்றி வைத்துவிட்டு வருகிறேன்.

கேள்வி: 2021 பாலாற்று வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பம் நனைந்தது. சில படங்கள் கண்ணாடியோடும், சில ஒன்றோடொன்றும் ஒட்டிக்கொண்டன. பிரிக்கலாமா? ஸ்கேன் செய்தபின் எப்படி அடுக்குவது? (ஆம்பூர்)

காய்ந்த பிறகு இழுத்துப் பிரிக்கவே கூடாது, முகத்தின் தோல் உரிந்து வரும். கண்ணாடியோடு ஒட்டியதை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து அதன் வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய பழைய ஸ்டூடியோ பிரின்ட்டுகளைச் சுத்தமான, குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் பல சமயம் மெல்ல விட்டுக்கொடுக்கும். அவசரம் வேண்டாம். பிரிந்ததும் முகம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் போட்டதாக இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள், மை கரைந்துவிடும். முதலில் முக்கியமில்லாத ஒரு படத்தில் செய்து பாருங்கள்.

ஸ்கேன் 600 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில், செய்யுங்கள். பின்பக்கத்தையும் செய்யுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ யாராவது எழுதிய தேதியோ அங்கேதான் இருக்கும். 1970, 80-களின் கலர் படங்கள் சிவந்து போயிருந்தால் பயப்பட வேண்டாம், நீலப் பச்சைச் சாயம் முதலில் மங்கியதால் அப்படி. லெவல்ஸ் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சரி செய்தால் புடவையின் நிறம் எழுந்து வரும். தேதி தெரியாத படத்துக்கு உத்தேச வருடத்தைப் போட்டு, குறிப்பில் ‘சுமார்’ என்று எழுதுங்கள்.

ஆனால் ஸ்கேன் செய்வதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது, அதைத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். போன தை மாதம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஆயா வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஓட்டு வீட்டின் முன்னால் பதினொரு பேர். ஆயாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுவந்து, விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே போனார். ‘இது உங்க தாத்தாவோட சின்னக்கா. பாரு, சுண்டு விரல் மடங்கியே இருக்கும். ஏத்தம் எறைக்கும்போது அடிபட்டது.’ அந்தப் படத்தை நான் முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன், விரலைப் பார்த்ததில்லை. ஓரத்தில் பாவாடை கட்டி நிற்கும் பெண்ணிடம் வந்ததும் நின்றுவிட்டார். ‘இது நான்தான்டா’ என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

பதினொன்றில் ஒன்பது பேருக்குப் பெயர் கிடைத்தது. இரண்டு பேரை ஆயாவாலும் சொல்ல முடியவில்லை, இன்னும் பத்து வருடம் முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பேசும்போது போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள், எழுதிக்கொண்டே கேட்டால் பாதி போய்விடும். படத்தைக் காட்டும் முன் ‘இது 14-ஆம் படம்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம் ஒலிக்கோப்புக்கும் ஸ்கேன் படத்துக்கும் அதே எண்ணைப் பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். பெயர்களைப் படத்தின் குறிப்பில் இடமிருந்து வலமாக, உறவு முறையோடு, யூனிகோட் தமிழில் அடியுங்கள். காகிதப் படத்தின் பின்னால் எழுதுவதானால் பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மிருதுவான பென்சிலால் அழுத்தாமல் ஓரத்தில் எழுதுங்கள்.